உஷார்! பழுப்பாகும் தண்ணீரைப் பார்த்துப் பதறாதீர்கள்

வாட்டர் ப்யூரிஃபயர் விற்க வருகிறவர் உங்கள் மேஜைமேல் இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் உங்கள் வீட்டு போர் தண்ணீர்; மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி, பிளக்கில் செருகுவார். சில நிமிடங்களில் உங்கள் தண்ணீர் பழுப்பாகி, சகதி போலத் திரளும். "இதைத்தான் உங்க குழந்தை குடிக்குதும்மா" என்பார்.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பியின் இரும்பு! தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் பழுப்புதான். மின்சார விஷயம், நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். பெற்றவர்களின் பயத்தைக் காசாக்கும் இந்த வித்தையை மோசடி என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து, தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர். "150தான் காட்டுது, நல்ல தண்ணி" என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அது மின்கடத்து திறனை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் அந்த மீட்டர் அசையாது. கிருமியும் அதன் கண்ணில் படாது. ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே பல்லில் கறை படியலாம், இன்னும் ஏறினால் எலும்புக்கே கேடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். எந்த உப்பு என்று மீட்டருக்குத் தெரியாது.

தெரிந்து சொல்லக்கூடியவர் ஆய்வகத்தின் பகுப்பாய்வு வேதியியலாளர். ஆனால் அவருடைய கையையும் நாமே கட்டிப்போடுகிறோம், குளிர்பானம் குடித்த பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்! கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும்; ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதிக்காமல் சேர்க்க வேண்டும். ஈயம் போன்ற உலோகங்கள் பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்குத் தனி பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம். பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டின் அடியில் "கொண்டுவந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்று இருப்பதைப் படித்தீர்களா? பிடித்த விதம் தப்பென்றால் முடிவும் தப்பு.

அந்த ரிப்போர்ட்டில் நான் மிகவும் அஞ்சுவது 'பி.டி.எல்.' என்ற மூன்றெழுத்தை. 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று அர்த்தம். 'இல்லை' என்று அல்ல. பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஈயத்துக்கு 'பி.டி.எல். 0.1' என்றிருந்தால், வரம்பைப்போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு இருந்தாலும் அந்தக் கருவியால் கண்டிருக்க முடியாது. அந்தத் தாளுக்குக் காசு கொடுத்தது வீண். 0.01-க்கும் கீழே அளக்கும் கருவி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஆய்வகங்களை அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் சான்று சுவரில் தொங்கினால் போதாது. நீங்கள் கேட்கும் சோதனை அந்தச் சான்றின் பட்டியலில் இருக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

கைக்குழந்தை உள்ள வீடு, பக்கத்தில் உரம் போடும் வயலோ செப்டிக் டேங்கோ இருந்தால் நைட்ரேட்டைக் கட்டாயம் கேளுங்கள். வரம்பு 45 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயலாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கவே கூடாது.