செடிக்குப் பேதி உப்பு: தூத்துக்குடி மண்ணில் எப்போது, எதற்கு?

தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் கடல்நீர் வெயிலில் சுண்டி, அதன் அடர்த்தி போமே மானியில் 25 டிகிரியை எட்டும்போது கறியுப்பு படியத் தொடங்குகிறது. அடர்த்தி 29 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பைக் கசக்கவும் கசியவும் செய்யும் என்பதால், எஞ்சிய கசப்பு நீர் வடித்து வெளியேற்றப்படுகிறது. அந்நீரில் மக்னீசியம் குளோரைடோடு கலந்திருக்கும் மக்னீசியம் சல்பேட்டே பேதி உப்பு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எப்சம் ஊர் ஊற்றுநீரைக் காய்ச்சி எடுத்ததனால் எப்சம் உப்பு என்றும் வழங்கும் இவ்வூசிப் படிகம், இன்று மாடித்தோட்டக்காரர்களிடையே சர்வரோக நிவாரணி போலப் பரவிவிட்டது.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவே மக்னீசியம் அணு ஒன்று அமர்ந்திருக்கிறது. அது பற்றாமற்போனால் செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அதை உருவித் தளிருக்கு அனுப்புவதால், அடியிலைகளில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறுகிறது. மழைநீர் சத்தை அடித்துச் சென்றுவிடும் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத் தேரிமணலிலும், நாள்தோறும் நீர் ஊற்றி வடியவிடும் தொட்டிகளிலும் இக்குறை தோன்றக்கூடும். வாழைக்குப் பொட்டாஷை அள்ளிக் கொட்டினாலும் இதே நிலைதான். மண்ணில் மக்னீசியம் இருந்தும், பொட்டாசியத்தோடு போட்டியிட முடியாமல் வேருக்குள் போதிய அளவு நுழையாது, இலைக்காம்பிலும் ஊதாத் திட்டுகள் படரும். அத்தகைய வாழைக்குப் பொட்டாஷைக் குறைக்காமல் பேதி உப்பை மட்டும் கூட்டுவது வீண்செலவு.

ஆனால் இக்கரையோரத்து வீட்டுத் தோட்டங்களில் காணும் மஞ்சளுக்கெல்லாம் மக்னீசியக் குறைவு காரணமன்று. கடலோர ஆழ்குழாய் நீரில் மக்னீசியமும் கறியுப்பும் ஏற்கெனவே கரைந்திருப்பது வழக்கம்; அந்நீர் பாயும் செடியின் இலை விளிம்பு கருகினால், மேலும் ஓர் உப்பைச் சேர்ப்பது வேரின் தாகத்தையே பெருக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலோ இரும்புச்சத்து கரையாது முடங்குவதால் தளிரே முதலில் வெளிறும். அடியிலை வெளிறுகிறதா, தளிர் வெளிறுகிறதா என்று பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும், மீதிக்கு மண் பரிசோதனை உண்டு.

குறை உறுதியானால், லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கலாம். உப்பளத்துக் கசப்பு நீர் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றலாகாது, அதிலுள்ள சோடியமும் குளோரைடும் செடியைக் கொன்றுவிடும். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதற்கும் பேதி உப்பைப் பரிந்துரைப்போர் உண்டு. அவ்வழுகல் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராமையால் வருவது. மக்னீசியம் மிகுந்தால் சுண்ணாம்புச்சத்தின் வரவு இன்னும் தடைப்பட்டு, அழுகல் கூடவே செய்யும்.