பிளேன்டீ குடித்தால் பதற்றம் தணியுமா?

கண்டி பஸ் நிலையத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவருக்கும், போதனா வைத்தியசாலை வாசலில் ரிப்போட்டுக்காகக் காத்திருப்பவருக்கும் ஆறுதல் ஒன்றுதான்: "முதல்ல ஒரு பிளேன்டீ குடிங்க." இது வெறும் உபசாரப் பேச்சா, பிளேன்டீயில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஆய்வுக்குழு ஒன்று 75 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு சாராருக்கு ஆறு வாரம் கறுப்புத் தேநீர். மற்றவர்களுக்கு அதே நிறமும் சுவையும் கஃபீனும் உள்ள போலித் தேநீர். பிறகு மனதை நெருக்கும் சோதனைகள். சோதனை நடக்கும்போது இரு சாராருக்கும் பதற்றம் ஒரே அளவுதான். 50 நிமிடம் கழித்துப் பார்த்தால், கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் தேநீர் குடித்தவர்களிடம் 47 சதவீதம் இறங்கியிருந்தது. மற்றவர்களிடம் 27 சதவீதம்தான். 2006இல் வெளிவந்த முடிவு இது. தேத்தண்ணி பதற்றத்தை வரவிடாமல் தடுக்கவில்லை. வந்த பதற்றம் சீக்கிரம் அடங்கத்தான் கைகொடுத்தது. ஆனாலும் 75 பேர், அத்தனை பேரும் ஆண்கள். கொழுந்து பறிக்கும் நம் பெண்களிடம் யாரும் இப்படிச் சோதித்துப் பார்த்ததாக நான் படித்ததில்லை.

தேயிலையில் தியானின் என்றொரு சத்து உண்டு. 1949இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வேரில் உருவாகி இளங்கொழுந்துக்கு ஏறுகிறது. மனதைத் தளர்த்துவதாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலும் 200 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். ஒரு கோப்பையில் இருப்பது அதில் சிறு பங்குதான். 'மன அமைதி' என்று அச்சிட்ட தேயிலைப் பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பானேன்?

ஆறுதல் சாயத்தில் மட்டுமில்லை என்பதைத் தேயிலை மலையிலேயே பார்க்கலாம். கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரவில் 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பிக்காக வந்த தமிழர்களின் பிள்ளைகள் தேயிலை மலை ஏறினார்கள். இன்றும் மலையில் தேத்தண்ணி நேரம் வந்தால் கூடையை இறக்கி, படங்கை ஒதுக்கிவிட்டு, போத்தலில் கொண்டுவந்த சாயத்தைக் குடிக்கிறார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நக்கிக்கொண்டே ஒரு மிடறு. கால் நீட்டி உட்காரக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பாதி மருந்து என்பேன். கொழுந்து நிறை குறைந்தால் சம்பளம் வெட்டுப்படுமே என்ற கவலையை எந்தச் சாயமும் கரைக்காது.

சாப்பிட்ட கையோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தைத் தேத்தண்ணி உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரத்தச்சோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். எளிதில் படபடக்கும் நெஞ்சுக்காரருக்கு நாலைந்து கோப்பை கடும் சாயமே பதற்றத்தைக் கூட்டும்; தூக்கம் வராதவர் அந்திக்குப்பின் தொடாமலிருப்பது நல்லது. வாரக்கணக்காகத் தூக்கமும் பசியும் இல்லையென்றால் கேத்தலை அடுப்பிலேற்றிக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.