பட்டா கேட்கும் கிசான் பணம்

கம்மாபுரம் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிறவர்கள் எல்லோருக்கும் சொந்த நிலம் இல்லை. குத்தகைக்கும் வாரத்துக்கும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குப் பிரதமரின் கிசான் உதவித்தொகை இன்றுவரை எட்டவில்லை. ஆனால் 2020இல் இதே கடலூர் மாவட்டத்தில், ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களின் கணக்கில் அந்தப் பணம் ஏறியது.

திட்டம் தொடங்கியது 2019 பிப்ரவரியில். விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில். இடைத்தரகரே இருக்க மாட்டார் என்பதுதான் நேரடிப் பணப் பட்டுவாடாவின் முதல் வாக்குறுதி. கொரோனா காலத்தில் இணையத்தில் தாங்களே பதிவு செய்துகொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் கடவுச்சொல் வேளாண் துறை ஊழியர்களிடம் இருந்தது. அது தரகர்கள் கைக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் போனது. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தோம் என்றார்கள் கூலித் தொழிலாளர்கள் பலர்.

கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டதும், சுமார் 110 கோடி ரூபாய் போனதும் வெளிவந்தன. ஊழியர்கள் பலர் நீக்கப்பட்டார்கள். சிபிசிஐடி விசாரித்தது. பணத்தைக் கணக்குகளிலிருந்து திரும்பப் பிடித்தார்கள். கமிஷன் வாங்கிய தரகரைப் பிடிப்பதைவிட, கணக்கில் பெயர் உள்ள கூலிக்காரரைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ரேஷன் கடையில் கசிவு எடைக்கல்லில் இருக்கும். அரிசி குறைந்தால் வரிசையில் நிற்கிற பெண்கள் அங்கேயே சத்தம் போடுவார்கள். வங்கிக் கணக்கு வழியில் கசிவு பெயர் சேர்க்கும் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, அங்கே பார்க்க யாரும் இல்லை. பக்கத்துப் புதுச்சேரியில் 2015 முதல் ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் போட்டுப் பார்த்தார்கள். அரிசி வேண்டும் என்ற குரல் ஓயாமல், 2024 அக்டோபரில் கடைகள் மறுபடி திறந்தன. தமிழகமோ 1997இல் மத்திய அரசு ஏழைகளைத் தனியே பிரிக்கச் சொன்னபோதும் எல்லோருக்கும் ரேஷன் என்ற வழியை விடவில்லை. பிற்பாடு வசதியுள்ளோர் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்திய அரசு, 2004 தேர்தல் தோல்விக்குப் பின் அதைக் கைவிட்டது. தகுதியற்றவரை விலக்கப் போடும் சல்லடை, தகுதியுள்ள ஏழையையும் விலக்கிவிடும் என்ற அச்சம் இங்கே பழையது, நியாயமானதும்கூட.

மோசடிக்குப் பிறகு வந்த சீர்திருத்தங்கள், அதாவது ஆதார் சரிபார்ப்பு, நில ஆவண இணைப்பு, விவசாயிக்குத் தனி அடையாள எண் எல்லாம், போலிப் பெயரைத் தடுக்க உதவும். ஆனால் எல்லாமே பட்டாவில் பெயர் இருப்பவரையே தேடுகின்றன. 2019 பிப்ரவரி 1ஆம் தேதி ஆவணத்தில் பெயர் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. வாய்மொழிக் குத்தகைக்காரர் எந்த ஆவணத்தைக் காட்டுவார்?

குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969லேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமையாளர் பயப்படுகிறார். கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். உரிமை மாறாமல், பயிர் செய்கிறவர் என்பதை மட்டும் போகத்துக்குப் போகம் பதிகிற ஏற்பாடு வேண்டும். பணம் போகும் முன் பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்கவும் வேண்டும். எந்த வயலை யார் உழுகிறார் என்பது ஊருக்குத் தெரியும்.