ஆறு மணி ஒரு நிமிடம்

அயர்லாந்தின் பொதுத் தொலைக்காட்சியான ஆர்.டி.ஈ.யில் மாலைச் செய்தி ஆறு மணிக்குத் தொடங்காது. ஆறு மணி ஒரு நிமிடத்துக்குத்தான் தொடங்கும். செய்தியின் பெயரே 'சிக்ஸ் ஒன்'. ஆறு மணிக்கு உரிய அந்த ஒரு நிமிடம் மூவேளைச் செபத்தின் கோவில் மணிக்குப் போய்விடுகிறது. வானொலியில் 1950லும் தொலைக்காட்சியில் 1962லும் தொடங்கிய வழக்கம், இன்றும் நிற்கவில்லை. திரையில் வரும் காட்சி மட்டும் மாறிவிட்டது. மாதா படங்கள் வந்த இடத்தில் இப்போது சாதாரண ஆட்கள் கைவேலையை நிறுத்திவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். செபிக்கிறார்களா, சும்மா நிற்கிறார்களா என்று பார்ப்பவர் சொல்லிவிட முடியாது.

இன்னும் கத்தோலிக்கராக இருப்பது நியாயமா என்ற கேள்வியை உலகில் எங்கும் கேட்கலாம். ஆனால் அயர்லாந்தில் அது சாப்பாட்டு மேசையில் தாயும் மகளும் முகம் பார்த்துக் கேட்டுக்கொள்கிற கேள்வி. ஒரு தலைமுறைக்கு முன்பு அங்கே இப்படி ஒரு கேள்வியே கிடையாது.

1979 செப்டம்பர் 29 அன்று போப் இரண்டாம் ஜான் பால் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பூசை வைத்தார். வந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 34 லட்சம்தான். மறுநாள் கால்வேயில் இளைஞர்களுக்கான பூசை. போப் வருமுன் கூட்டத்தைப் பாட்டும் பேச்சுமாகக் கட்டிவைத்திருந்தவர்கள் ஆயர் ஈமன் கேசியும் மைக்கேல் கிளியரி என்ற பிரபலமான சாமியாரும். ஆயருக்கு அப்போதே ஐந்து வயதில் ஒரு மகன் இருந்தது 1992ல் வெளியே வந்தது. கிளியரிக்கும் பிள்ளைகள் உண்டு என்பது அவர் இறந்தபிறகு தெரிந்தது. பின்னால் வந்த செய்திகளோடு ஒப்பிட்டால் இதெல்லாம் தூசு. ஆனாலும் முதல் விரிசல் இங்கேதான் விழுந்தது என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்துத் திருச்சபையின் பலம் கோவிலுக்குள் மட்டும் இருக்கவில்லை. 1937 அரசியல் சட்டம் அதற்கு நாட்டில் தனி இடம் தந்தது. அந்த வரியை நீக்க 1972 வரை ஆனது. 1951ல் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம் கொண்டுவரப் பார்த்தார். ஆயர்கள் ஆகாது என்றார்கள். அமைச்சரவை பின்வாங்கியது, அவர் பதவி விலகினார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் எல்லாம் பெரும்பாலும் திருச்சபையின் கையில். 1961 கணக்கெடுப்பில் 100க்கு 95 பேர் கத்தோலிக்கர்.

அன்று அந்த 95 பேரில் எவரிடமும் 'நீ ஏன் இருக்கிறாய்?' என்று யாரும் கேட்டதில்லை. மழை பெய்கிற ஊரில் குடை வைத்திருப்பவனிடம் யார் காரணம் கேட்பார்கள்? குற்றமில்லாத இருப்பு என்று அதைச் சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நாட்டின் சுவர்கள் அத்தனை உயரமாக எழுந்ததே, காரணம் கேட்காமல் உள்ளே இருந்தவர்களின் தோள்மேல்தான்.

1975ல் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். பிரெண்டன் ஸ்மித் என்ற சாமியார் சிறுவர்களைச் சீரழித்ததாகப் புகார் வந்தது. திருச்சபை ரகசியமாக விசாரித்தது. இரண்டு சிறுவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, வெளியே சொல்வதில்லை என்று சத்தியமும் வாங்கினார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. ஸ்மித் அதன்பிறகும் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தேடிப்போனார். 1994ல் பெல்ஃபாஸ்டில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. அவரை ஒப்படைப்பதில் நடந்த தாமதத்தால் டப்ளினில் அரசாங்கமே கவிழ்ந்தது. 1975 விசாரணையில் உட்கார்ந்திருந்த இளம் குருவானவர் ஷான் பிரேடி பிற்காலத்தில் கர்தினாலானார். அந்த விசாரணையில் அவர் இருந்தது 2010ல் அம்பலமானபின்பும் 2014 வரை பதவியில் இருந்தார். ஒரு சிறுவனின் சத்தியத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அவன் யாரிடம் போய்ச் சொன்னாலும், கேட்பவரும் அதே பூசைக்குப் போகிறவர்தான்.

பிறகு இந்தக் கொடுமைகளைப் பற்றிய அறிக்கைகள் வந்தன. மடங்கள் நடத்திய தொழிற்பள்ளிகளைப் பற்றிய ரயன் அறிக்கை 2009 மே மாதம். டப்ளின் மறைமாவட்டத்தைப் பற்றிய மர்ஃபி அறிக்கை அதே ஆண்டு நவம்பர். க்ளாய்ன் மறைமாவட்டத்தைப் பற்றிய அறிக்கை 2011ல். அதையொட்டி அப்போதைய பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் எழுந்து வத்திக்கானை நேருக்கு நேர் கண்டித்தார். அவர் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர் என்பதால் அந்தப் பேச்சு அதிகம் சுட்டது. பெண்களை அடைத்துவைத்துத் துணி வெளுக்க வைத்த மகதலேன் சலவைக்கூடங்களில் கடைசியானது 1996ல்தான் மூடப்பட்டது. 2024ல் வந்த இன்னோர் அறிக்கை, துறவற சபைகள் நடத்திய 308 பள்ளிகளில் 2,395 புகார்களை எண்ணிக் காட்டியது.

2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் அதே ஃபீனிக்ஸ் பூங்காவில், 1979ல் நட்ட அதே உயரமான சிலுவையின் கீழ் பூசை வைத்தார். 5 லட்சம் பேரை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம். அந்த ஆண்டு மே மாதம்தான் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருபால் திருமணத்துக்கு 62 சதவீதம். ஆயர்கள் சொன்னதற்கு நேர் எதிராக வாக்களித்தவர்களில் கத்தோலிக்கர்களே அதிகம் இருந்திருக்க வேண்டும். கணக்கு வேறு விதமாக வராது.

சிலர் வெளியே போகத்தான் பார்த்தார்கள். ரயன் அறிக்கைக்குப் பிறகு 'கவுண்ட் மீ அவுட்' என்ற பெயரில் ஒரு முயற்சி தொடங்கியது. படிவத்தை நிரப்பிப் பங்குக்கு அனுப்பினால், திருச்சபையை விட்டு முறைப்படி விலகியதாக ஞானஸ்நானப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார்கள். திருச்சபைச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. 2009ல் பதினாறாம் பெனடிக்ட் அதற்கு இடம் தந்த வாசகத்தையே நீக்கினார். சட்ட மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் திருமண விதிகள் சம்பந்தப்பட்டது. அயர்லாந்தைக் குறிவைத்ததாகச் சொல்ல முடியாது. விளைவு என்னவோ, கதவைத் தேடிப் போனவர்கள் அங்கே சுவரைக் கண்டார்கள். ஞானஸ்நானம் அழியா முத்திரை என்பது சபையின் போதனை. வைத்தவர் அழிக்க முடியாது, வாங்கியவர் அப்போது கைக்குழந்தை. ஐரிஷ் குடியரசின் தலைவராக 14 ஆண்டுகள் இருந்த மேரி மெக்கலீஸ், திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கி இந்த இடத்தைத்தான் பிடித்தார்: பச்சைக் குழந்தையின் பெயரில் கொடுத்த வாக்கு ஆயுளுக்கும் அதை எப்படிக் கட்டும்? பெண்களை நடத்தும் விதத்துக்காகத் திருச்சபையை அவரைப்போல் சாடியவர்கள் குறைவு. ஆனாலும் அவர் கத்தோலிக்கர்தான். சபை ஆயர்களின் குடும்பச் சொத்து கிடையாது, நாங்கள் ஏன் போக வேண்டும் என்பதுதான் இப்படி இருப்பவர்களின் வாதம்.

இன்னொரு வாதமும் உண்டு. சலவைக்கூடத்திலிருந்து தப்பி ஓடிய பெண்ணைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டது அரசின் போலீஸ். மகளைக் கொண்டுபோய் விட்டது பெற்ற தகப்பன். அப்படியானால் ஐரிஷ் குடிமகனாக இருப்பது நியாயமா என்று ஏன் யாரும் கேட்பதில்லை? நல்ல கேள்வி. ஆனால் குடிமகனின் கையில் வாக்குச்சீட்டு இருக்கிறது. அவன் தேர்ந்தெடுத்தவர்களே 1994ல் ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள். ஆயரை எந்தப் பங்கு மக்களும் தேர்ந்தெடுத்ததில்லை, இறக்கியதும் இல்லை.

என் கணக்கு கொஞ்சம் தலைகீழானது. இன்று எல்லாம் தெரிந்தும், பக்கத்துவீட்டுக்காரர் புருவம் உயர்த்துவதைப் பார்த்தபடி பூசைக்குப் போகிற ஐரிஷ் கிழவியின் இருப்பு, 1979ல் பூங்காவை நிறைத்த கூட்டத்தின் இருப்பைவிட நியாயமானது. அவளிடம் காரணம் இருக்கிறது. அவள் இருப்பதால் எந்த அமைச்சரும் பதவி இழக்கப்போவதில்லை.

எனக்குச் சங்கடம் தருகிறவர்கள் வேறு ஆட்கள். 2022 கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்ற கட்டத்தில் குறி போட்டார்கள். 2011ல் அது 84. குறைந்திருக்கிறதுதான். ஆனால் குறி போட்ட அந்த 35 லட்சம் பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோவில்கள் கொள்ளாது. குழந்தைக்கு ஞானஸ்நானம், ஏழெட்டு வயதில் வெள்ளை உடையும் விருந்துமாகப் புதுநன்மை, கடைசியில் அடக்கப் பூசை, நடுவில் ஒன்றுமில்லை. ஆரம்பப் பள்ளிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது இன்னும் கத்தோலிக்க நிர்வாகத்தில் இருக்கின்றன. பள்ளியில் இடம் கிடைக்க ஞானஸ்நானம் வேண்டும் என்ற நிலை 2018 சட்டத்தோடு போயிற்று, பழக்கம் போகவில்லை. 1979ன் காரணம் கேட்காத இருப்பு சாகாமல் வாழ்வது பூசையில் இல்லை, இந்தக் குறியில்தான்.

காணிக்கைத் தட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தொழிற்பள்ளி போன்ற இல்லங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு உட்பட மொத்தச் செலவு 150 கோடி யூரோ அளவுக்குப் போனது. 2002ல் அரசோடு செய்த ஒப்பந்தப்படி துறவற சபைகள் தர ஒப்புக்கொண்டது 12.8 கோடி. சலவைக்கூடங்களை நடத்திய நான்கு சபைகளும் அந்தப் பெண்களுக்கான நிதிக்குப் பணம் தர மறுத்துவிட்டன. இருக்கிறேன் என்று சொல்கிறவர் இதைக் கேட்டு வாங்க முடியாவிட்டால், உள்ளே இருந்து திருத்துவோம் என்ற பேச்சு வெறும் பேச்சு.

நமக்கும் இதில் ஓர் ஓரத்தில் இடம் உண்டு. கார்க் நகரில் நானோ நாகிள் தொடங்கிய பிரசன்டேஷன் சபைக் கன்னியர் 1842லேயே மதராசுக்கு வந்துவிட்டார்கள். சர்ச் பார்க் பள்ளி அவர்களுடையது. இன்று திசை மாறிக் கேரளத்துக் குருக்கள் ஐரிஷ் பங்குகளுக்குப் போகிறார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு போகிற பழி அவர்களுடையது இல்லை என்றாலும், கழுத்துப்பட்டை அதேதான்.

கால்வே மாவட்டத்து டூம் ஊரில் கன்னியர் நடத்திய தாய்சேய் இல்லத்தில் 1925க்கும் 1961க்கும் இடையில் 796 குழந்தைகள் இறந்தன. இறப்புச் சான்றுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர்ப் பெண். செய்தி உலகுக்குப் போனது 2014ல். எழுபதுகளிலேயே விளையாடப் போன சிறுவர்கள் அந்த இல்லம் இருந்த இடத்தின் ஒரு மூலையில் எலும்புகளைப் பார்த்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் அந்த மூலையில் ஒரு சின்ன மாதா கெபி கட்டினார்கள். புல் வெட்டினார்கள், பூ வைத்தார்கள், பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டார்கள். கீழே யார், எத்தனை பேர் என்று மட்டும் கேட்கவில்லை. 2025 கோடையில் அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டுத் தோண்டத் தொடங்கினார்கள்.