அருட்தந்தை சார்லஸ் ராசீனும் கணித ஆனர்ஸ் வகுப்பும்
லயோலா கல்லூரி, நுங்கம்பாக்கம், சென்னை

1925-இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியின் கணிதத் துறைக்கு 1939-இல் வந்து சேர்ந்தவர், பிரெஞ்சு இயேசு சபைத் துறவியான சார்லஸ் ராசீன் (1897–1976). அதற்கு முன் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பாடம் நடத்தினார். பாரிஸில் வடிவியல் மேதை எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர்.

அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜ் வழியில் அமைந்தது. கடினமான கணக்குகளை விரைந்து தீர்ப்பதே அதில் தேர்ச்சியின் அளவுகோல். பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு இல்லை. எனவே ராசீன் அதற்கு வெளியே சென்றார். பிரான்சில் உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். புதிய நூல்களைப் படிக்கத் தூண்டினார். திறமையானவர்களை, 1945-இல் தொடங்கப்பட்ட டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் அரசுப் பணித் தேர்வையே நாடிய காலத்தில் இது துணிச்சலான அறிவுரை.

அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மன், சி. எஸ். சேஷாத்ரி இருவரும் 1953-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தனர்; சி. பி. ராமானுஜம் 1957-இல் சேர்ந்தார். 1965-இல் வெளிவந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம், இயற்கணித வடிவியலில் வரும் ‘நிலையான வெக்டர் கற்றை’களையும் குலக் கோட்பாட்டையும் இணைக்கிறது. பின்னாளில் இயற்பியலாளர்களும் அதைப் பயன்படுத்தினர். சேஷாத்ரி 1989-இல் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதவியல் கழகம்.