கையடக்கக் கணினியின் தோற்றம்

பெருங்கணினியைச் சுருக்கினாற் கையடக்கக் கணினி தோன்றிவிடும் எனப் பலர் கருதுவர். அதன் வரலாறோ வேறு கூறுகின்றது.

டேவிட் பொற்றர் என்பார் 1980இல் இலண்டனில் நிறுவிய சயன் நிறுவனம், 1984இல் 'ஓகனைசர்' என்னும் கருவியை வெளியிட்டது. பதினாறு எழுத்துக்களைக் காட்டும் ஒருவரித் திரை, 2 கிலோபைற்று நினைவகம், 9 வோல்ற்று மின்கலம் ஒன்று ஆகிய இவையே அதன் செல்வம். எழுத்துச் சாவிகள் தட்டச்சுப்பொறியின் முறையிலன்றி, ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் அமைந்திருந்தன. தட்டச்சுப் பயின்றோர்க்கு அஃது எரிச்சலூட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இக்கருவி குறிப்புக்களைச் சேமித்த முறை பெரிதும் ஆராயத்தக்கது. சுழலும் தட்டுக்கு இடமுமில்லை. அதனைச் சுழற்ற மின்வலுவுமில்லை. ஆதலின் கழற்றி மாட்டத்தக்க சில்லுப் பெட்டிகள் பயன்பட்டன. உயர்ந்த மின்னழுத்தத்தினாற் காவலியைக் கடந்து செலுத்தப்பட்ட இலத்திரன்கள், மின்கலத்தை அகற்றிய பின்னரும் சில்லினுள்ளே ஆண்டுக்கணக்கிற் சிறைப்பட்டிருக்கும். சேமித்தற்கு இது மிகவும் நன்று, அழித்தற்கோ பெருந்தடை. ஒரு குறிப்பை நீக்கினால், 'நீக்கப்பட்டது' என்னும் அடையாளம் அதன்மேல் இடப்படுமேயன்றி, அது கொண்டிருந்த இடம் மீளாது. நண்பரொருவர் வீடு மாறினாற் பழைய முகவரியும் புதிய முகவரியும் பெட்டியில் இடம்பிடித்திருக்கும்! பெட்டி நிரம்பியபின் அதனை ஊதாக்கடந்த கதிரின்கீழ் வைத்து, முழுவதையும் ஒருங்கே துடைத்தல் வேண்டும்.

1991இல் வந்த 'சீரீஸ் 3' மின்வலுவை நுட்பமாகச் சிக்கனஞ் செய்தது. மனிதன் எத்துணை விரைந்து தட்டினும், ஓரெழுத்துக்கும் மற்றோரெழுத்துக்கும் இடைப்பட்ட நேரம் பொறிக்கு நெடும்பொழுதேயாம். அவ்விடைவெளிதோறும் முறைவழியாக்கி செயலை நிறுத்தி உறங்கியது. இதனாற் கடையில் வாங்கத்தக்க இரு சிறு மின்கலங்களைக் கொண்டே வாரக்கணக்கில் வேலைசெய்தல் இயன்றது. அக்கால மடிக்கணினிகள் சில மணி நேரத்திற் சோர்ந்தன என்பதை நோக்குக.

1997இன் 'சீரீஸ் 5'இல் மின்னியலினும் பொறிமுறையே வியப்புக்குரியது. அதன் திரை எழுதுகோலாற் தொடப்படுவது. தொடும்போது சிறுகருவி பின்னே சாய்ந்துவிழக்கூடும். மாட்டின் றிடிபோட் அமைத்த பிணைச்சல் இவ்விடரைத் தீர்த்தது. மூடியைத் திறந்தவுடன் சாவிப்பலகை முன்னே நகரும்; திரை பின்னே சாய்ந்து உறுதியாக நிற்கும்.

1998இற் சயன், நொக்கியா, எரிக்சன், மோட்டரோலா ஆகியவை கூடிச் 'சிம்பியன்' நிறுவனத்தை அமைத்தன. 2001இற் சயன் இத்தகைய கருவிகளை ஆக்குவதைக் கைவிட்டது. ஆயினும் அவற்றுக்கென எழுதப்பட்ட பணிசெயல் முறைமை, சிம்பியன் என்னும் பெயருடன் நொக்கியாவின் தொலைபேசிகளிற் பல்லாண்டுகள் இயங்கிவந்தது.