நெட்வொர்க் டிரைவ் காணவில்லையா? பார்மட் பட்டனைத் தொடாதீர்கள்!

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பெரிய அளவில் பிரிண்ட் எடுக்க ஒரு போட்டோ தேவைப்பட்டது. எங்கள் வீட்டுப் போட்டோக்கள், அப்பா பேசிய வீடியோக்கள் எல்லாமே என்.ஏ.எஸ். எனப்படும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியில்தான் இருந்தன. வேறு காப்பி கிடையாது. கம்ப்யூட்டரில் அந்த டிரைவைக் கிளிக் செய்தேன். சிகப்பு நிறப் பெருக்கல் குறியுடன் பிழைச் செய்திதான் கிடைத்தது.

என்.ஏ.எஸ். என்பது ஹார்ட் டிஸ்க் வைத்த ஒரு பெட்டி. இதனைக் கேபிள் மூலம் ரூட்டருடன் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் போன்களும் இதிலுள்ள பைல்களைத் திறக்கலாம். உண்மையில் இதுவும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். எனவே கோளாறு எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எளிதானவற்றை முதலில் சோதித்திட வேண்டும்.

1. ரூட்டரையும் பெட்டியையும் முறைப்படி ஆப் செய்து, முதலில் ரூட்டரையும் பின்னர் பெட்டியையும் ஆன் செய்திடவும். கேபிளை மாற்றி, ரூட்டரின் வேறு போர்ட்டில் செருகிப் பார்க்கவும்.

2. பிரவுசரில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்க்கவும். பெட்டி அதில் இருந்தால் அதன் ஐ.பி. எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். பைல் எக்ஸ்புளோரரின் அட்ரஸ் பாரில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் அந்த எண்ணை, \\192.168.1.20 என்பது போல, டைப் செய்து என்டர் தட்டவும். டிரைவ் திறந்தால், ஐ.பி. எண் மாறியதே பிரச்னையாக இருக்கலாம். ரூட்டரில் அந்த எண்ணைப் பெட்டிக்கு நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

3. பட்டியலில் இருந்தும் திறக்கவில்லையா? பழைய பெட்டிகள் எஸ்.எம்.பி. 1 என்ற பழைய முறையில் பேசுபவை. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை வைரஸ் இதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து மைக்ரோசாப்ட் இதனைப் படிப்படியாக நீக்கி வந்தது. பெட்டியின் பர்ம்வேரை அப்டேட் செய்து, அதன் செட்டிங்ஸில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3 தேர்ந்தெடுக்கவும்.

என் பெட்டி பட்டியலிலேயே இல்லை. ஆனால் முன்பக்க விளக்கு எரிந்தது. சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த தம்பி டிஸ்க்கை வெளியே எடுத்து யு.எஸ்.பி. மூலம் கம்ப்யூட்டரில் இணைத்தார். டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் பார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது.

“சார், பார்மட் கொடுத்துப் பார்க்கலாமா?” என்றார்.

“வேண்டாம் தம்பி, கேன்சல் கொடுங்க” என்றேன். கை நடுங்கியது.

இதுதான் முக்கியமான இடம். இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸில் இயங்குபவை. டிஸ்க்கில் பைல்களைப் பதியும் முறையும் வேறு. விண்டோஸால் அதைப் படிக்க முடியாது என்பதால்தான் பார்மட் செய்யச் சொல்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமல்ல. சம்மதித்தால் நல்ல டிஸ்க்கையும் நாமே அழித்தவர்களாவோம். பெட்டியே “இனிஷியலைஸ்” செய்யவா எனக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

டிஸ்க்கை மீண்டும் பெட்டியில் பொருத்தி, காதை அருகில் வைத்துக் கேட்டேன். டிஸ்க் சுழலத் தொடங்கி, “டிக்” என்று நின்று, மீண்டும் தொடங்கியது. சந்தேகம் பவர் அடாப்டர் மீது திரும்பியது. அடாப்டர் பலவீனமானால் விளக்கு எரியும். டிஸ்க்கைச் சுழற்றும் அளவுக்கு மின்சாரம் கிடைக்காது. பழையதில் இருந்தது போலவே 12 வோல்ட், 2 ஆம்பியர், அதே பின் உள்ள புதிய அடாப்டர் வாங்கிச் செருகினேன். இரண்டு நிமிடத்தில் டிரைவ் திறந்தது. அப்பா சிரித்தார்.

அடாப்டர் வாங்குகையில் வோல்ட் அளவும், பின்னின் பிளஸ், மைனஸ் அமைப்பும் மாறக் கூடாது. ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

அன்று மாலையே ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் காப்பி செய்து அக்கா வீட்டில் கொடுத்து வைத்தேன். இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது தேவை. ஒன்றில் தவறுதலாக அழிக்கும் பைல் மற்றதிலும் அழிந்துவிடும். உங்கள் பெட்டி நன்றாக இயங்கும்போதே இன்னொரு காப்பி எடுத்து வைத்திடுங்கள்.